முதலில் பெயர், பிறகு விதி

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். என் கோபத்துக்கும் ஒரு குறைவும் இல்லை. ஒன்பது வருடம் அரசின் குடிநீர் ஆலோசனைக் குழுவில் இருந்தேன். இன்று ஒரே வரியில் நீக்கிவிட்டார்கள். புது விதியாம்: என்னைப் போல அரசு நிதியில் ஆராய்ச்சி செய்பவர்கள் நடுநிலையாக இருக்க மாட்டார்களாம்! குழாய்க் கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவர் மட்டும் இருக்கலாமாம். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதைதான். தண்ணீரில் ஈயம் எவ்வளவு இருக்கலாம் என்று இனி அவர் சொல்வார், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் குடிப்பார்கள்.

நீ சட்டத் துறையில் இருக்கிறாய். வழக்குப் போட்டால் நிற்குமா? நீ இங்கே சாப்பிட வந்து ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கோபம் நியாயம்தான். ஆனால் குழுவில் யார் இருக்கலாம் என்பது அமைச்சரின் முடிவு. நீதிமன்றம் தலையிடாது. உழைத்தது போதும், கௌரவமாக ஒதுங்கிக்கொள். என் மனைவியும், "அக்காவைக் கோர்ட்டுப் படியேற விடாதீங்க, நிம்மதியே போயிடும்" என்கிறாள்.

தம்பி

மார்ச் 15

தம்பிக்கு,

படியேறிவிட்டேன். திருடாதவள் எதற்கடா ஒதுங்க வேண்டும்? உன் மனைவியிடம் சொல், நிம்மதி ஏற்கெனவே போய்விட்டது.

அக்கா

ஜூன் 20

சட்டத் துறை துணைச் செயலாளர் அவர்களுக்கு,

என்னை நீக்கியது பற்றிய அரசின் கோப்பை என் வக்கீலுக்கும் காட்டும்படி நீதிபதி உத்தரவிட்டார். போன வாரம் படித்தேன். ஜனவரி 9: நீக்க வேண்டியவர்கள் என்று என்னையும் சேர்த்து நான்கு பெயர்கள். ஜனவரி 30: அந்த நான்கு பேருக்கும் பொருந்தும்படி ஒரு விதி. எழுதியது நீங்கள்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை என் சமையலறையில் நின்று கேட்டீர்கள்: "உன் ஆராய்ச்சிக்கெல்லாம் யாருக்கா பணம் குடுக்கறாங்க?" தம்பிக்கு என் வேலையில் இத்தனை அக்கறையா என்று பூரித்துப்போய், ஒவ்வொன்றாகச் சொன்னேன். அத்தனையும் வரிசை மாறாமல் கோப்பில் இருக்கிறது.

மேலிடத்தில் எழுதச் சொல்லியிருப்பார்கள். முடியாது என்று சொல்ல உங்களுக்கு வாய் இல்லையா? அதைக்கூட மன்னித்திருப்பேன். விதியையும் எழுதிவிட்டு, ஒதுங்கிக்கொள் என்று எனக்கும் எழுதினீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

விதி செல்லாது என்று நேற்று தீர்ப்பு வந்துவிட்டது. திங்கட்கிழமை குழு கூடுகிறது. சட்டத் துறை சார்பில் நீங்கள் வருவதாக அறிந்தேன். வாருங்கள். அங்கே அக்கா என்று கூப்பிட வேண்டாம்.

இப்படிக்கு,
உறுப்பினர்,
குடிநீர் ஆலோசனைக் குழு