ஐந்தாவது கோடு

முருகன் துணை

கலவான
ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி

அன்பு மகன் சுரேந்திரனுக்கு,

இதை எழுத உட்காரும்போது வீட்டில் இருப்பது நான், அப்பா, தங்கச்சி சுகந்தினி, ஆக மூன்று பேர். அடுப்படியில் படுத்திருக்கும் பூனையை நான் சேர்க்கவில்லை. மூன்று பேரும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் மழைக்கு முன்னால் மழையைச் சொல்கிறது. உன்னையும் அந்த வெயில் ஊரில் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கச் சொல்லி இன்று விளக்கேற்றும்போது முருகனிடம் கேட்டுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் நம் வீட்டில் நாலு தட்டு வைப்போம், நாலாவது தனுஷனுக்கு என்று உனக்குத் தெரியும், அவன் அம்மா குவைத்துக்குப் போகும்போது என் கையைப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை ஒரு வேளையாவது அவனை உட்கார வைத்துச் சோறு போடுங்க அண்ணி என்று கேட்டுவிட்டுத்தான் வேனில் ஏறினாள். மூன்று ஞாயிறாக அந்தத் தட்டு கவிழ்ந்தே கிடக்கிறது. போனில் இதை உன்னிடம் சொல்லலாம் என்று இரண்டு தடவை பார்த்தேன், லைன் அறுந்து அறுந்து போகிறது, அதோடு அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கதையைக் கடைசியிலிருந்து தொடங்கிவிடுகிறார். டவுன் ஸியாம் லீவு முடிந்து வியாழக்கிழமை கத்தாருக்குத் திரும்புகிறான், அவன் கையில் பார்சலோடு இதையும் கொடுத்து அனுப்புகிறேன், ஆறுதலாக வாசி.

முதலில் டீமைப் பற்றி எழுதுகிறேன், இல்லாவிட்டால் நீ பக்கத்தைத் தாண்டிப் போய்விடுவாய். இந்த வருஷம் பத்து மேட்ச், ஏழு வெற்றி, மூன்று தோல்வி. முதல் இரண்டும் தோற்றோம், அப்போது தோட்டத்து லயத்தில் எல்லோரும் சுரேன் இருந்திருந்தால் என்று உன் பெயரைத்தான் சொன்னார்கள், எனக்குப் பெருமையாகவும் இருந்தது சங்கடமாகவும் இருந்தது. உன் இடத்தில் இப்போது கோல் காப்பது கழகத் தலைவர் இராமசாமி மாமாவின் சின்ன மகன், நல்ல உயரம், ஆனால் பந்து பக்கத்தில் வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறான். அப்படி மூடிக்கொண்டே இரண்டு பெனல்ட்டியைத் தடுத்தும் விட்டான், அதனால் யாரும் அவனைத் திறக்கச் சொல்வதில்லை. கொழும்பில் கடைகளில் நிற்கிற பையன்கள் சனிக்கிழமை பஸ் பிடித்து வந்து விளையாடிவிட்டுத் திங்கள் விடியற்காலை திரும்பிப் போகிறார்கள். மைதானத்தில் காலைக் கடிக்கிற அட்டை இன்னும் அதே அட்டைதான், பூட்ஸுக்குள் சவர்க்காரம் தடவிக்கொண்டு இறங்குகிறார்கள். எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு வந்தது தனுஷன்தான், கப்டன் என்று அவனைச் சும்மா போடவில்லை.

மேட்ச் நாளில் இரண்டு டீமுக்கும் நம் பக்கத்துப் பெண்கள்தான் தேத்தண்ணியும் கடியும் கொடுப்போம், கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளை மடுவத்து விறாந்தையில் உட்கார்ந்துகொள்வோம், அதே பழக்கம்தான். நானும் நீ விட்டுப்போன அந்த சீஆர் கொப்பியை மடியில் வைத்துக்கொள்வேன். ஒவ்வொரு மேட்சுக்கும் ஒரு பக்கம், மேலே பிள்ளையார் சுழி, கீழே நம் கோலுக்கு ஒரு கோடு, ஐந்தாவது வந்தால் நாலுக்கும் குறுக்கே ஒரு கோடு. இந்த வருஷம் டவுன் டீமில் விளையாடும் ஸப்ரியின் உம்மா ரஹ்மா லாத்தாவும் எங்களோடு வந்து உட்காரத் தொடங்கினார், அவர் மகனைப் பார்க்க வந்து மற்ற டீமின் மேட்சையும் முழுக்கப் பார்த்துவிட்டுப் போகிற ஆள், ஆஃப்சைட் எல்லாம் என்னைவிட நன்றாகத் தெரியும். பந்து ஓடும்போது பந்துப் பேச்சு, வெளியே போனால் சமையல் பேச்சு. என் தேங்காய் ரொட்டி சாயங்காலம் வரைக்கும் எப்படி மெத்தென்று இருக்கிறது என்று கேட்டார், கொதி தண்ணீரில் பிசைவதைச் சொன்னேன். அதற்குப் பதிலாக அவர் பொலஸ் ஆணம் சொன்னார், நம் பலாப்பிஞ்சுக் கறிதான், ஆனால் அரிசியும் தேங்காயும் கறுக வறுத்து அரைத்துப்போட்டு மூன்று மணி நேரம் சின்ன நெருப்பில் வைக்கிறார்கள். எழுத வேறு தாள் இல்லாததால் அன்றைய மேட்ச் பக்கத்திலேயே கோடுகளுக்கு நடுவில் எழுதிக்கொண்டேன்.

அது ஐந்தாவது மேட்ச், பக்கத்துத் தோட்டத்து டீமோடு. ஆனி மாத மழை, அந்தப் பக்கத்துக் கோல் கம்பம் மழைப் புகையில் தெரியவே இல்லை. கடைசி நேரத்தில் தனுஷன் ஒன்று அடித்தான், ஆட்கள் எல்லோரும் மைதானத்துக்குள் இறங்கி அவனைத் தோளில் தூக்கிவிட்டார்கள், ஐந்துக்கு ஒன்று என்று கத்திக்கொண்டே லயத்துக்கு வந்தோம். அன்று பொலஸ் வைக்கவில்லை, கருவாடுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சீசன் முடிந்து பார்த்தால் இரத்தினபுரி டீம் முதலாவது, இரண்டாவது இடத்தில் நாமும் டவுனும் சமமான புள்ளி. ஃபைனலுக்கு இரண்டு டீம்தான். அந்த மழை மேட்சில் நாம் அடித்தது ஐந்து என்றால் கோல் வித்தியாசத்தில் ஒன்றால் நாம் முன்னால், நாலு என்றால் அதுவும் சமம், அப்போது நம்மை இரண்டு தடவையும் தோற்கடித்த டவுன்தான் போகும். ரெஃபரி பியதாச மாஸ்டர் அன்று எழுதிய தாள் ஸ்கூட்டர் பெட்டிக்குள் நனைந்து களியாகிவிட்டதாம், அவர் ஞாபகத்திலிருந்து சொல்ல மாட்டேன் என்றார். பக்கத்துத் தோட்டத்துக் கப்டனோ, தோற்றவனுக்கு நாலென்ன ஐந்தென்ன, எதைக் காட்டினாலும் கையெழுத்து வைக்கிறேன் என்கிறான். டவுனில் நடந்த கமிட்டிக் கூட்டத்தில் தனுஷன் உடனே எழுந்து, எங்க அத்தை கொப்பியில எல்லாம் இருக்கு, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவர்றேன் என்று கமிட்டிக்கு வாக்குக் கொடுத்துவிட்டான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன், என் மனதிலும் ஐந்துதான் இருந்தது.

சனிக்கிழமை பின்னேரம் கொப்பியை வாங்க வந்தான். இரண்டு பேரும் மேசையில் வைத்துப் புரட்டினோம். நாலு கோடு நிற்கிறது. அதற்குக் கீழே மாஸ்டர் விசில் என்று என் கையெழுத்து, அதற்குக் கீழே சங்கு என்று ஒரு சொல், அதற்கும் கீழே முதற்பால் ஊற்றி இறக்கவும். வேறொன்றும் இல்லை. தனுஷன் சிரித்துக்கொண்டே, பொலஸ் எழுதுற மும்முரத்துல ஒன்ன விட்டுட்டீங்க அத்தை என்றான். நானும் அப்படித்தான் இருக்கும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன் மகன், பொய் சொல்லவில்லை, நினைக்க ஆசையாக இருந்தது. ஆனால் அந்தச் சங்கு என்ற சொல்லைப் பார்க்கப் பார்க்க எல்லாம் வந்துவிட்டது. நீங்கள் எல்லோரும் பந்தைப் பார்ப்பீர்கள், எழுத வேண்டியவள் என்பதால் நான் மாஸ்டரைத்தான் பார்ப்பேன். அவர் மேட்சை முடிக்க விசிலை வாயில் வைத்து ஊதினார், இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார், அதே நேரம் தேயிலை ஸ்டோரில் நேரம் அறிவிக்கிற சங்கு அலறியது. விசில் ஒருவர் காதிலும் விழவில்லை. பையன்கள் ஓடிக்கொண்டே இருந்தார்கள், தனுஷன் அடித்தது அதற்குப் பிறகு. மாஸ்டர் கையை அசைத்துக்கொண்டே இருந்தார், ஆட்கள் அவரையும் தாண்டி ஓடினார்கள். இதைச் சொன்னேன். அவன் சிரிப்பு நின்றுவிட்டது. சாமி தட்டுக்குப் பக்கத்தில் இருந்த பேனையை எடுத்து என் பக்கம் நீட்டினான்.

"ஒரு கோடுதானே அத்தை. நாலு இருக்கு, குறுக்கால ஒன்னு."

பத்து மாதமாக மழையிலும் சேற்றிலும் அவன் பட்ட பாடு எனக்குத் தெரியும், நீ போன பிறகு அந்த டீமைத் தவிர அவனுக்கு இங்கே வேறொன்றும் இல்லை என்பதும் தெரியும். என் கை பேனைக்குப் போகத்தான் பார்த்தது. "மேல சுழி போட்டிருக்கு தம்பி" என்றுதான் என் வாயில் வந்தது. அவன் பேனையை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, ஊற்றி வைத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் இறங்கிப் போனான்.

மறுநாள் அப்பாவோடு நானே டவுனுக்குக் கொப்பியைக் கொண்டுபோனேன். அவன் கொடுத்த வாக்கு, கொப்பி வராவிட்டால் அவனைத்தான் கேட்பார்கள். சாமான் சுற்றி வந்த பேப்பரை வாசித்து எழுத்துப் பழகினவள் நான், முப்பது ஆம்பிளைகளுக்கு முன்னால் நின்று வாசிக்கச் சொன்னால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். மாஸ்டர் ஒரு வரியும் விடாமல் முழுப் பக்கத்தையும் வாசிக்கச் சொன்னார், ஸப்ரி பக்கத்தில் நின்று சிங்களத்தில் சொன்னான். நானும் வாசித்தேன், கோல் ஒன்று, பலாப்பிஞ்சைப் பெரிய துண்டாக வெட்டவும், கோல் இரண்டு, கொறுக்காய்ப் புளி இரண்டு சுளை, எதிர் டீம் கோல் ஒன்று, ரம்பை இலை ஒரு துண்டு, உப்பு அளவாக. கமிட்டித் தலைவர் கையைக் காட்டி நிறுத்தி, இதில் எத்தனை கோல் கறிக்குள் போனது என்று கேட்டார், மண்டபமே சிரித்தது, எனக்கும் பயம் விட்டுப்போய்ச் சிரிப்பு வந்தது. விசில், சங்கு என்று வாசித்ததும் பியதாச மாஸ்டர் நெற்றியைத் தட்டிக்கொண்டு, ஆமாம், அன்று சங்கு ஊதினது, நான் கை அசைத்தேன், ஒருத்தரும் பார்க்கவில்லை என்றார். நாலு என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்கள். தனுஷன் பின் வாங்கில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அத்தோடு முடிந்திருக்கும். ரஹ்மா லாத்தா வெளியே வந்து என் கையைப் பிடித்தார், ஃபைனலுக்குப் போன சந்தோஷத்தைக் காட்டாமல், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "தங்கச்சி, கறுவாப் பட்டைய எழுதாம விட்டுட்டீங்களே, அது இல்லாம ஆணம் மணக்காதே" என்றார். பக்கத்தில் நின்ற தனுஷன் காதில் அது விழுந்துவிட்டது. அன்றிலிருந்து அதுதான் அவன் கட்சி. பைப்படியில் சுகந்தினியைக் கண்டு, கறுவாவ விட்டவங்க கோல விட்டிருக்க மாட்டாங்களா, சுரேன் சொல்லட்டும், அவன் அத்தை பக்கம்னா நான் வந்து சாப்பிடுறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறான். லயத்திலும் இரண்டு கட்சி ஆகிவிட்டது, சிலர் என்னைக் கண்டால் கறுவா என்கிறார்கள், நானும் சிரித்துவிட்டுப் போகிறேன். ஃபைனலில் டவுன் பெனல்ட்டியில் தோற்றது, நாங்க போயிருந்தா கப் நம்ம கையில என்று தனுஷன் சொல்லித் திரிகிறானாம், அவன் அடிக்கிற பெனல்ட்டியைப் பார்த்தால் அதுவும் உண்மையாக இருக்கலாம். அடுத்த வருஷம் எல்லா டீமுக்கும் என்னையே எழுதச் சொல்லி கமிட்டி கேட்டிருக்கிறது, நான் இன்னும் ஆமாம் சொல்லவில்லை. அப்பா மட்டும் ஒரு பக்கமும் சேராமல் இரண்டு நாளைக்கு ஒரு தடவை பொலஸ் கேட்கிறார்.

பார்சலில் இடிச்ச கொச்சிக்காய்த் தூள், மாசி, கறுவாப் பட்டை, வறுத்து அரைத்த தூள் ஒரு போத்தல் எல்லாம் இருக்கிறது. பலாப்பிஞ்சு அங்கே டின்னில் கிடைக்கும் என்று ஸியாம் சொன்னான், தண்ணீரை வடித்துவிட்டுச் செய், கறுவாவை முதலிலேயே போடு. உன் அறையில் இருக்கும் நேபாளத்துத் தம்பி வைக்கிற பருப்பு நன்றாக இருக்கும் என்றாயே, அதில் என்ன தாளிக்கிறான் என்று கேட்டு எழுது, ரஹ்மா லாத்தாவுக்கும் வேண்டுமாம். கடையில் வாங்கிச் சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, வெள்ளிக்கிழமை மறக்காமல் திருநீறு பூசு, மத்தியான வெயிலில் பந்து விளையாடப் போகாதே.

முருகன் உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் தரட்டும். இனி நான் கேட்பதற்கு மட்டும் பதில் சொல். தனுஷனோடு சண்டை பிடிக்காதே, எனக்காகக் கெஞ்சவும் வேண்டாம். கறுவாவை நான் விட்டது உண்மை, மாஸ்டர் கையைப் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் விட்டேன். நீ கோல் காத்தவன், விசிலுக்குப் பிறகு வந்த பந்து எத்தனை உன்னைத் தாண்டி உள்ளே போயிருக்கும், அவை கோலா இல்லையா என்பதை உன் மனதில் இருக்கிறபடி எழுது. நீ அவன் பக்கம் சொன்னாலும் நான் நாலாவது தட்டை நிமிர்த்தி வைத்து, அவன் வீட்டுக்கே போய்க் கூப்பிடுவேன், கொப்பியில் மட்டும் நாலு நாலாகத்தான் இருக்கும். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் உன் பதில் வேண்டும், தபாலில் போடாமல் சுகந்தினியின் போனுக்கு எழுதிச் சீக்கிரம் அனுப்பு.

உன் அம்மா,
சின்னம்மா