முப்பத்தொன்பது சீட்டு

வெல்மன் கம்பளி மில், ரோட் ஐலண்டு
1847 அக்டோபர் 9, சனிக்கிழமை

தென் கரோலினா, திரு. பெரின் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் தோட்டத்து அடிமைகள் நாற்பது பேரின் பெயரும் உயரமும் எழுதிய பட்டியல் வந்து சேர்ந்தது. ஆளுக்கு ஒரு சட்டை, ஒரு கால்சட்டை வீதம் நவம்பர் கப்பலில் ஏற்றிவிடுகிறோம். பட்டியலில் கேட்க வேண்டிய சந்தேகம் எதுவும் இல்லை.

தங்கள் பணிவுள்ள,
ஆசா வெல்மன்

*

அன்புள்ள டெபோரா அக்காவுக்கு,

தம்பி ஆசா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். ஆற்றில் தண்ணீர் நிறைய ஓடுகிறது, சக்கரம் நிற்கவில்லை. பாஸ்டன் குளிரில் அத்தானின் இருமல் எப்படி இருக்கிறது? வக்கீலுக்குத் தொண்டைதானே சொத்து, பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இத்துடன் இருக்கும் வியாபாரக் கடிதத்தின் நகலைப் படித்திருப்பீர்கள். அதன் கடைசி வரி பொய்.

பட்டியலில் இரண்டு எனோக். அடையாளத்துக்காக ஒருவன் பெயருக்குப் பக்கத்தில் 'இடது கை, மூணு விரல்' என்று தோட்டத்துக் கங்காணி எழுதியிருக்கிறான். உயரம் ஆறடி ஓர் அங்குலம். அக்கா, அது நம் எனோக். கறுப்பினத்தவன்தான், ஆனால் இதே ஊரில் சுதந்திரமாகப் பிறந்தவன். அவனுடைய இரண்டு விரலைத் தின்றது நம் கம்பளி சீவும் இயந்திரம். கட்டுப் போட்டவன் நான். இந்தக் கைக்கு இனி இங்கே வேலை இல்லை என்று அனுப்பியவனும் நான். அதனால்தான் கப்பலில் சமையல் வேலைக்குப் போனான். தெற்கே ஏதோ துறைமுகத்தில் இறங்கியவன் இரண்டு வருடமாகத் திரும்பவில்லை. பிடித்து அடிமையாக விற்றுவிட்டார்கள் என்று இப்போதுதான் தெரிகிறது.

இவன் எங்கள் ஊர்க்காரன் என்று நான் சத்தியம் செய்து கையெழுத்திட்டால் அத்தான் வழக்குப் போடலாம். தெரியும். போட்டால் பெரினும் சுற்றியுள்ள தோட்டக்காரர்களும் மறுநாளே வேறு மில்லைப் பார்ப்பார்கள். இந்த முரட்டுத் துணியை அவர்களைத் தவிர யார் வாங்குவார்கள்? நூற்றிருபது வீட்டு அடுப்பு இதில்தான் எரிகிறது. இருதலைக் கொள்ளி எறும்பாகக் கிடக்கிறேன். எனக்கே என்னைப் பார்க்க அருவருப்பாக இருக்கிறது.

வந்த பட்டியலையே ஆளுக்கு ஒரு சீட்டாக நறுக்கி, வெட்டிய துணியில் குத்தி ஊர்ப் பெண்களிடம் தைக்கக் கொடுப்பது நம் வழக்கம். இந்தத் தடவை துணிக்கட்டு டார்கஸுக்குப் போக வேண்டியது. எனோக்கின் மனைவி. கொடுக்கும் முன் அவன் சீட்டை மட்டும் உருவிக்கொண்டேன்.

நேற்று வந்தாள். "நாப்பது பேருக்குத் துணி இருக்கு, சீட்டு முப்பத்தொம்பதுதான் இருக்கு. கண்ணுல கம்பளித் தூசு விழுந்துருச்சா முதலாளி? இந்த நெட்டையனுக்குப் பேரே இல்லையா?" என்று சிரித்தாள். பிறகு அந்தக் கால்சட்டைத் துணியைத் தன் இடுப்போடு வைத்துப் பார்த்து, "எங்க வீட்டுக்காரர் உசரம். யாரு பெத்த புள்ளையோ, ரெட்டைத் தையல் போட்டுத் தாரேன்" என்றாள். தேடிப் பார்க்கிறேன் என்று சொன்னேன். சீட்டு என் கோட்டுப் பையில் இருந்தது.

திங்கட்கிழமை மறுபடி வருவாள். சீட்டு என்னிடம் இருந்தால் அதற்குள் அதை அடுப்பில் போட்டுவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும். அதனால் இந்தத் தாளோடு சேர்த்துத் தைத்து அனுப்புகிறேன். அத்தானிடம் கொடுங்கள்.

கடவுள் உங்கள் இருவரையும் நோயில்லாமல் வைத்திருக்கட்டும். ஒன்றே ஒன்று, அக்கா. அந்தச் சீட்டைத் திருப்பி அனுப்பச் சொல்லி நான் எழுதுவேன். என்ன காரணம் சொன்னாலும் அனுப்பாதீர்கள்.

உங்கள் தம்பி,
ஆசா