அழுகல் இல்லை அக்கா, அழற்சி

என் பிரியமான மலர் அக்கா,

நான் நன்றாக இருக்கிறேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ பதறிப்போவாய்.

ஏழு மாதத்துக்கு முன் எனக்கும் உன்னைப் போலவே மலத்தில் ரத்தம் வந்தது. ஒரகடம் ஃபேக்டரியில் நாம் சேர்ந்து ஒயர் கட்டிய அதே லைனில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரிடமும் சொல்லவில்லை. நீ பட்டதெல்லாம் கண்முன் வந்தது.

அன்று ஆஸ்பத்திரியில் உனக்குக் குடலில் அழற்சி என்றார்கள். நம் காதில் விழுந்தது வேறு. "கொடலு அழுகிப் போச்சாம்டி. அழுகுனதுக்கு இன்னாத்துக்கு மாத்தர?" என்று பஸ்ஸிலேயே மருந்துச் சீட்டைக் கிழித்தாய். நானும் நம்பினேன். மறுபடி உன்னை அங்கே அழைத்துப் போனபோது எல்லாம் முற்றியிருந்தது; நீ வீடு திரும்பவில்லை.

இந்த முறை டாக்டரம்மா அதே சொல்லைச் சொன்னதும் அழுதுவிட்டேன். "எனுக்கும் அழுகிப் போச்சா மேடம்?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அழுகல் இல்லமா, அழற்சி. அழல்னா நெருப்பு. பெருங்குடலோட உள்பக்கம் செவந்து, வீங்கி, புண்ணாயிருக்கு. கோலைட்டிஸ்னு எழுதுவோம்."

"சூட்டுல வந்ததா?"

"அழற்சிங்கறது என்ன ஆச்சுங்கறதுக்குத்தான் பேரு. எதனாலன்னு டெஸ்ட் பண்ணித்தான் பாக்கணும். சிலருக்குக் கிருமியால வரும், சீக்கிரம் போயிடும். உனக்கு ரொம்ப நாள் இருக்கற வகை. மாத்திரையை நிறுத்தாம இருந்தா அடக்கி வெச்சிக்கலாம்."

இவ்வளவுதானா அக்கா? அன்றே நான் வாய்திறந்து கேட்டிருந்தால்?

சூப்பர்வைசரிடம் அந்தப் பெயரையே சொன்னேன். "கோலைட்டிஸ் சார். அடிக்கடி பாத்ரூம் போவேன்." அடிக்கடி பாத்ரூம் போகிறாய் என்று உன்னைத் திட்டிய அதே மனிதர்தான்.

"மலருக்கும் இதானாம்மா?"

தலையாட்டினேன். மறுநாளிலிருந்து நான் போகும்போதெல்லாம் என் இடத்தில் நிற்க ஆள் போட்டார்.

ரத்தம் நின்று மூன்று மாதமாகிறது. ஞாயிற்றுக்கிழமை உன் மகள் யாழினி மீன் குழம்பு வைத்தாள். உப்புக் கொஞ்சம் தூக்கல், ஆனாலும் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். "சித்தி, மாத்தர போட்டுகினியா?" என்று உன்னைப் போலவே அதட்டுகிறாள்.

ஒரு வேளைகூட விடமாட்டேன் அக்கா. அவள் கல்யாணத்தில் உன் இடத்தில் நான் நிற்பேன், அவள் பிரசவத்துக்கும் நான்தான் கூட இருப்பேன்.

உன் கூடப்பிறந்தவள்,
யாழினியின் சித்தி
கல்பனா