லூர்து இறங்கும் குளம்

1968 மே 6, திங்கள்

காலையிலேயே வெக்கை. மேனேஜர் ஐயா குடும்பத்தோடு ஊட்டிக்குக் கிளம்பினார். எண்ணூர் பங்களாவில் இனி நானும் என் மனைவி லூர்துவும்தான். காரில் ஏறும்போது மேனேஜர் வீட்டு அம்மா சொன்னது: "அந்தோணி, பின்னாடி நீச்சல் குளம் நாறுது. நாங்க வர்றதுக்குள்ள பூச்சி புழு இல்லாம பண்ணு. லூர்துவும் இறங்கி நடக்கட்டும்."

நல்ல மனசு. லூர்து பஸ்ஸிலிருந்து விழுந்து நாலு மாதம். எலும்பு கூடிவிட்டது. கால் ஊன்றத்தான் பயம். இடுப்பளவு தண்ணீரில் நடந்தால் பயம் போகும் என்றார் டாக்டர்.

மே 8, புதன்

தண்ணீர் முழுக்கக் கொசுப்புழு. தோட்டக்கார மாரி எட்டிப் பார்த்தான்.

"இன்னாண்ணே பேஜாரு? ஒரு டின்னு கிருஷ்ணாயில் ஊத்து. அல்லாம் செத்துப்பூடும்."

லூர்து இறங்க வேண்டிய தண்ணீர். மண்ணெண்ணெய் கூடாது. மோட்டார் போட்டு மொத்தமும் இறைத்தேன். பாசி தேய்த்தேன். ஏணிக்கு அடியில் குளவிக்கூடு. கன்னத்தில் ஒரு கொட்டு.

லூர்து சுண்ணாம்பு தடவினாள். "ஒரு பக்கம் மட்டும் நல்லா கொழுத்துகினு வர்ற." சிரித்தேவிட்டாள். எத்தனை நாளாயிற்று! இன்னொரு கொட்டு வாங்கலாம்.

மே 12, ஞாயிறு

நேற்று புதுத் தண்ணீர், பிளீச்சிங் பவுடர். இன்று பூசை முடிந்து வந்ததும் என் தோளைப் பிடித்து இறங்கினாள். மூன்று அடி. ஒரே அலறல்.

"ஐயோ, இன்னாவோ கட்ச்சிட்ச்சி!"

அரிசி நீளப் பூச்சி. மல்லாந்து நீந்துகிறது. தொடையில் சிவப்புத் தடிப்பு.

"இனிமே கூப்டாத. நான் நொண்டியாவே இருந்துட்டுப் போறேன்."

சாப்பிடவில்லை. நானும்.

மே 14, செவ்வாய்

பழைய கொசுவலையை மூங்கிலில் கட்டி நேற்று எல்லாப் பூச்சியையும் அள்ளினேன். காலையில் பார்த்தால் மறுபடி அத்தனை. எங்கிருந்து?

அந்தி நேரம் கரையில் உட்கார்ந்து பார்த்தேன். வராந்தா விளக்கு போட்டதும் கழிமுகப் பக்கமிருந்து பறந்து வருகின்றன. வெளிச்சம் விழுந்த தண்ணீரில் பொத் பொத்தென்று விழுகின்றன. பல்பைக் கழற்றிவிட்டு, விழுந்ததையெல்லாம் மறுபடி அள்ளினேன்.

மே 17, வெள்ளி

இரண்டு நாளாக ஒன்றிரண்டு பூச்சிதான். இன்று ஒன்றுமில்லை. லூர்து நம்பவில்லை. நானே இறங்கி அரை மணி நின்றேன். தடியூன்றி வந்து பார்த்தாள்.

"கட்ச்சிதா?"

"இல்லமே."

"பொய் சொல்லாத." கரையில் உட்கார்ந்து காலை மட்டும் தண்ணீரில் விட்டாள். போதும்.

மே 20, திங்கள்

இறங்கினாள். என் கையை விடவே இல்லை. நகம் பதிந்தது. குளத்தின் நடுவில் ஒரு தும்பி விழுந்து துடித்தது. வலையை எடுக்கத் திரும்பினேன்.

"வலையெல்லாம் வேணாம்யா. ரெக்க நனைஞ்சி கீது, பாவம்."

என் கையை விட்டு, இரண்டு கையாலும் தும்பியை ஏந்திக்கொண்டாள். அப்படியே கரை வரைக்கும் நடந்து, ஈரமில்லாத கல்லில் விட்டாள். நான் நீட்டிய கையோடு அங்கேயே நின்றேன்.

திரும்பிப் பார்த்தாள். "இன்னா அப்டி முழிக்கிற?"