இரண்டு வழியாக ஓடிய ரத்தம்

நேற்று கிளினிக்கில் எனக்கு பிரஷர் பார்த்தார்கள். கையில் சுற்றியிருந்த பட்டையை நர்ஸ் சர்ரென்று பிரித்தபோது என் முதுகு சில்லிட்டது. "ஏம்மா பயப்படுறீங்க? நார்மலாத்தானே இருக்கு" என்றாள். உங்களைப் பற்றி அவளிடம் என்னவென்று சொல்வது?

"உள்ளே யாரோ துணியைக் கிழிக்கிற மாதிரி இருக்கு ஸ்டெல்லா" என்று நீங்கள் நம் குவார்ட்டர்ஸ் வாசலில் குனிந்து உட்கார்ந்தது, எண்பதுகளின் கடைசியில் ஒரு காலை. உங்களோடு ஃபேக்டரியில் வேலை பார்த்த அடுத்த வீட்டுக்காரர் ஓடி வந்தார். "வாய்வு புட்ச்சிகினு கீது அண்ணாத்தே. ஒரு சோடா குடி, சரியாப் பூடும்." டாக்டரும் தசைப்பிடிப்பு என்று ஊசி போட்டு அனுப்பினார். சில நாளில் வலி அடங்கியது. நீங்கள் மறுபடி சைக்கிளில் வேலைக்குக் கிளம்பினீர்கள்.

இரண்டு வருடம் கழித்து, சர்ச் பாடகர் குழுவில் எடுப்பாக ஒலிக்கும் உங்கள் குரல் கம்மிப்போனது. மிளகுப் பால், கஷாயம், எதற்கும் சரியாகவில்லை. தொண்டையைப் பார்த்த டாக்டர், "இங்கே ஒண்ணுமில்லை, நெஞ்சைப் படம் எடுங்க" என்றார். அண்ணனூரில் ரயிலேறி நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே டாக்டர் ஸ்கேன் படத்தை விளக்கில் மாட்டினார். "இதயத்துலேர்ந்து கிளம்புற பெரிய ரத்தக் குழாய் இது. உள்சுவர் என்னைக்கோ கிழிஞ்சிருக்கு. அது வழியா ரத்தம் சுவரோட அடுக்குக்குள்ள பூந்து, தனியா ஒரு பாதை போட்டுக்கிச்சு. பழைய கிழிசல், ஓரமெல்லாம் தடிச்சுப் போச்சு. ஆனா வெளிச்சுவர் மெலிஞ்சு உப்பிக்கிட்டே வருது. அதுதான் குரல் நரம்பை அழுத்துது."

"ஆபரேஷன்?" என்றீர்கள்.

"பண்ணலாம். உயிருக்கு ஆபத்து உண்டு. பிழைச்சாலும் ரெண்டு காலும் விழுந்துடலாம். பண்ணாம விட்டா, என்னைக்கு வெடிக்கும்னு சொல்ல முடியாது."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "வேண்டாங்க" என்றேன். யோசிக்கக்கூட இல்லை. நீங்களும் தலையாட்டினீர்கள்.

அதற்குப் பிறகு, உங்களுக்கு பிரஷர் ஏறக்கூடாதென்று நம் வீட்டில் உப்பு குறைந்தது, பேச்சுச் சத்தம் குறைந்தது. தண்ணீர்க் குடத்தை உங்களைத் தொட விடமாட்டேன். நீங்கள் இருமினால் கரண்டியும் கையுமாக ஓடி வருவேன். பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் நடந்தபோது ஒருநாள் கரகரத்த குரலில் சொன்னீர்கள்: "என்னை முட்டை மாதிரி பாக்காதே ஸ்டெல்லா. அதுக்கே பிரஷர் ஏறுது." இருவரும் சிரித்தோம். சிரிக்கும்போதும் உங்கள் கழுத்தில் துடிக்கிற நரம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்படியே நான்கு வருடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சவரம் செய்துகொண்டிருந்த நீங்கள் திரும்பி, "அதே வலி" என்றீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய ஆட்டோ சேக்காடு தாண்டுவதற்குள் என் கைக்குள் உங்கள் கை தளர்ந்துவிட்டது.

"இப்ப நெஞ்சைத் திறக்காம, தொடை வழியாவே ரத்தக் குழாய்க்குள்ள உறை வெச்சிடுறாங்கம்மா. அப்ப அதெல்லாம் ஏது? அப்பாவும்தானே தலையாட்டினாரு?" என்கிறாள் நம் மகள். உண்மைதான். ஆனால் நீங்கள் தலையாட்டியது உங்களுக்காகவா, பயந்துபோயிருந்த என் முகத்துக்காகவா? கேட்பதற்கு நான்கு வருடம் இருந்தது. பதிலுக்குப் பயந்து கேட்காமலே இருந்துவிட்டேன். இனி நீங்கள் சொல்லப்போவதில்லை. ஆனாலும் அந்தப் பயம் போகவில்லை.