வந்துடறேன்

டிசம்பர் 16, செவ்வாய். லிட்கம், சிட்னி

வெளியே முப்பத்தெட்டு டிகிரி. நான் ஹாலில் மின்விசிறிக்குக் கீழே கம்பளி சாக்ஸும் பனி பூட்ஸும் போட்டு நடந்து பழகிக்கொண்டிருக்கிறேன். யாராவது பார்த்தால் ரிட்டயர் ஆன கையோடு மூளை கலங்கிவிட்டது என்பார்கள்.

எஸ்டோனியாவுக்குப் பனி பார்க்கப் போகிறேன் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்வி. யாரு கூட? யாருடனும் இல்லை என்றால் ஒரு பரிதாபப் பார்வை. பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துக்காரர் ஆனந்தராஜா மட்டும் பால்கனி எலுமிச்சையைக் காட்டி, "தனியவோ போறியள்? நல்லது. உங்கட தேசிக்கு நான் தண்ணி விடுறன், போட்டு வாங்கோ" என்றார்.

மகள் வர்ஷாவுக்குத்தான் பிடிக்கவில்லை. பிப்ரவரியில் அவளுக்குப் பிரசவம். இந்த வீட்டை விற்றுவிட்டு மெல்போர்னுக்கு, கிரான்பர்னில் அவளோடும் மாப்பிள்ளை நரேனோடும் நிரந்தரமாக இருக்க வரவேண்டும் என்கிறாள். தீபாவளியிலிருந்து கேட்கிறாள். நான் பதிலே சொல்லவில்லை.

அப்பா வீடு, ஹாஸ்டல், அவர் வீடு என்று இருந்தவள் நான். அவர் போன பிறகு நானே தேடி நானே வாங்கியது இது. வாசலில் முதன்முதலாக என் பெயர். இதைச் சொன்னால், என்னைவிட ஒரு ஃப்ளாட் பெரிசா என்பாள். பெரிதில்லை. ஆனால் —

டிசம்பர் 18. விமான நிலையம்

பாதுகாப்புச் சோதனை வரிசையில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தபோது வர்ஷாவின் போன். ஒரே இரைச்சல். "அம்மா, ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போ. வந்துடுவேல்ல?"

"வந்துடறேன்டி, கவலைப்படாதே" என்றேன். அழுதுவிட்டாள். ஊர் சுற்றப் போகிறவளுக்காக இப்படியா அழுவது?

டிசம்பர் 20. தாலின்

வந்துவிட்டேன். நானேதான், தனியாகத்தான்.

ஏன் எஸ்டோனியா என்று எல்லோரும் கேட்டார்கள். ஆஸ்பத்திரி லேபில் என் எதிர்மேஜைக்காரி ஒரு காலண்டர் படத்தை ஒட்டி வைத்திருந்தாள். கோட்டைச் சுவர், கூரான கோபுரங்கள், சிவப்புக் கூரைகள், எல்லாவற்றின் மேலும் பனி. அதைப் பார்த்துக்கொண்டேதான் அத்தனை வருடம் ஊரார் ரத்தத்தைச் சோதித்தேன். இன்று அந்தப் படத்துக்குள் நின்றேன். படத்தில் இல்லாத ஒரு நாய் வந்து பூட்ஸை முகர்ந்துவிட்டுப் போனது.

மழையைப் போலப் பனிக்கும் ஒரு சத்தம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். நமக்குப் பனி என்றால் விடியற்காலையில் தலைக்கு மஃப்ளர் சுற்றுவது, அவ்வளவுதான். அது விழுவதை யார் பார்த்தது? இங்கே விழுவது தெரிகிறது, சத்தம்தான் இல்லை. சதுக்கத்தில் பெரிய கிறிஸ்துமஸ் மரத்தின் விளக்குகளுக்குக் குறுக்கே இறங்கிக்கொண்டே இருக்கிறது. என் கோட்டுக் கையில் ஒன்று விழுந்தது. ஆறு முனை. மைக்ராஸ்கோப் இல்லாமலே தெரிந்தது. இத்தனை அழகை இப்படிக் கொட்டுவார்களா? எனக்கு அழுகை வந்துவிட்டது.

நடந்தால் மட்டும் சத்தம் வருகிறது. சோளமாவுப் பாக்கெட்டை அழுத்தினால் வருமே, அதே சத்தம்.

டிசம்பர் 21

ஒன்பது மணிக்கு மேல்தான் விடிகிறது. இன்று முழுக்க யாரும் என்னை அம்மா என்றோ ஆன்ட்டி என்றோ கூப்பிடவில்லை. என்ன ஒரு லேசு.

டிசம்பர் 22

வர்ஷா படங்கள் அனுப்பியிருக்கிறாள். ஓர் அறை. இளமஞ்சள் பெயின்ட், புதுக் கட்டில், சுவரில் சாமி அலமாரி. நரேனின் கம்ப்யூட்டர் மேஜை கராஜுக்குப் போய்விட்டதாம். கீழே: 'உன் ரூம்மா. வீடு விக்க ஏஜென்ட்கிட்டயும் பேசியாச்சு.'

எனக்கு ஒன்றும் புரியவில்லை. போன் போட்டேன். "நீதானேம்மா ஏர்போர்ட்ல வந்துடறேன்னு சொன்னே?"

அட கடவுளே. அவள் கேட்டது அதுவா? ஊரிலிருந்து திரும்பி வந்துடறேன் என்றுதானே நான் சொன்னேன்? அவளோ, எல்லாத்தையும் விட்டுட்டு வந்துடறேன் என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். வழக்கம்போல இங்கிலீஷில் கேட்டுத் தொலைத்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. ஆசையாகத் தமிழில் கேட்டாள், அதுதான் வினை.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னேனா? "ரூம் அழகா இருக்குடி" என்றேன். கோழை. வெளியே பனி கொட்டுகிறது, எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

டிசம்பர் 24, புதன்

மூன்றரைக்கே இருட்டு. பேருந்து நிறுத்தத்தில் பெரிய கூட்டம், எல்லோர் பையிலும் கண்ணாடி விளக்கு, மெழுகுவத்தி. நம் கார்த்திகை மாதிரி ஏதோ ஒன்று, கோயிலுக்குத்தான் போகிறார்கள் என்று நானாக முடிவு செய்து பின்னாலேயே ஏறிவிட்டேன்.

இறங்கிய இடம் பைன் மரக் காடு. உள்ளே கண்ணுக்கெட்டிய தூரம் வரை தரையெல்லாம் விளக்கு. ஒவ்வொரு சுடரைச் சுற்றியும் பனி பொன்னாகியிருந்தது. மரங்களின் அடிப்பக்கம் வெளிச்சம், மேலே இருட்டு, நடுவே மெல்ல இறங்கும் பனி. இதைப் போல ஒன்றை நான் பார்த்ததே இல்லை, இனிப் பார்க்கப் போவதும் இல்லை. கும்பிடக் கை எழுந்தது. அப்புறம்தான் கற்களில் பெயர்கள் தெரிந்தன.

இடுகாடு. கார்த்திகை என்று நம்பி இடுகாட்டுக்கு வந்தவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எங்கள் வீட்டில் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. அவரைத் தகனம் செய்தபோதுகூட உள்ளே போனது ஆண்கள்தான், நான் வெளி ஹாலோடு நின்றுவிட்டேன். வாசலில் தயங்கினேன். ஒரு பெண், ஹெல்வி என்று பெயர் சொன்னாள், தன் பையிலிருந்து ஒரு விளக்கை எடுத்து நீட்டினாள். என் கணவர் இங்கே இல்லை, சிட்னியில் என்று இங்கிலீஷில் சொன்னேன். அதனால் என்ன என்பது போலத் தோளைக் குலுக்கினாள். உள்ளே போனேன். ஒரு பைன் மரத்தடியில் ஏற்றினேன். பார்த்தசாரதி என்று அவர் பெயரைச் சத்தமாகச் சொன்னேன், இருந்தபோது ஒருநாளும் சொல்லாததை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை இறந்தவர்களுக்கு விளக்கேற்றுவது இங்கே வழக்கமாம், குடும்பம் குடும்பமாக வந்தார்கள். கல்மேல் பனியைத் தட்டிவிட்டு, ஏற்றி, கொஞ்ச நேரம் நின்று, வீட்டுக்குப் போனார்கள். யாரும் அங்கேயே தங்கிவிடவில்லை. அதனால் அன்பு குறைந்ததாகவும் தெரியவில்லை. வந்துட்டுப் போறாங்க. ஆமாம், வந்துட்டுப் போறாங்க.

டிசம்பர் 25

சொல்லிவிட்டேன்.

"வர்ஷா, அன்னைக்கு வந்துடறேன்னு சொன்னது சிட்னிக்குடி. உன்கிட்ட நான் வந்துட்டுப் போறேன்."

"வாட்ஸ் த டிஃபரன்ஸ்?"

"குழந்தை பொறக்கறதுக்கு முன்னாடியே வந்து உன்னோட இருப்பேன். நீ தேறினதும் என் வீட்டுக்குப் போவேன். அப்புறம் மறுபடி வருவேன்."

"ஸோ யூ ஆர் நாட் கமிங்" என்று போனை வைத்துவிட்டாள்.

சரியாகத்தான் சொன்னேன், ஆனாலும் அந்த மஞ்சள் அறைப் படத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்க்கிறேன்.

டிசம்பர் 28

அவளிடமிருந்து ஒன்றும் இல்லை. 'கொஞ்சம் டைம் குடுங்க அத்தை' என்று நரேன் அனுப்பியிருக்கிறான். கோட்டைச் சுவர்மேல் ஏறி நின்றேன். வெள்ளைக் கூரைகளுக்கு அப்பால் கடல். மனசு இவ்வளவு கனமாக இருக்கும்போதும் கண் நிறைகிறது, அது எப்படி?

பிப்ரவரி 11. கிரான்பர்ன்

பெண் குழந்தை. வலியில் வர்ஷா என் கையை விடவே இல்லை. மஞ்சள் அறையில் இருக்கிறேன், மெல்போர்ன் குளிருக்கென்று பனி பூட்ஸையும் கொண்டுவந்திருக்கிறேன். அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

மே 9, சனி. லிட்கம்

கதவைத் திறந்தேன். என் வீட்டு வாசனை. எலுமிச்சையில் இரண்டு காய். ஆனந்தராஜா சொன்னதைச் செய்திருக்கிறார்.

காலையில் கிளம்பும்போது வர்ஷா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். செருப்பு ஸ்டாண்டைப் பார்த்து, "உன் பூட்ஸை மறந்துட்டியேம்மா" என்றாள்.

"மறக்கலை. இங்க குளிர் ஆரம்பிக்குதுல்ல, அடுத்த தடவைக்கு இருக்கட்டும்."

அந்த பூட்ஸைக் காலாலேயே ஜோடி சேர்த்து ஓரமாக வைத்தாள். நரேன் காரில் ஹாரன் அடித்தான். குழந்தையின் தலையை என் பக்கம் திருப்பிவிட்டு, "அடிக்கடி வந்துட்டுப் போம்மா" என்றாள்.

"வர்றேன்டி" என்றேன்.