லெமோனியா என்ற கோவேறு கழுதைக்கு மூன்று சாட்சிகள்

அன்பு மகள் மிர்ஸினிக்கு, அம்மா முத்தங்களோடு எழுதுவது. இங்கே நான், வீடு, கோழிகள் எல்லாம் சுகம், மாதா புண்ணியத்தில் நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் மெல்பர்னில் அப்படியே சுகமாக இருக்க வேண்டும். இங்கே செர்ரி பழுத்துவிட்டது, அங்கே குளிர் தொடங்கியிருக்கும், சின்னவளைக் காதை மூடாமல் வெளியே அனுப்பாதே. என் முழங்கால் பழையபடிதான், டாக்டர் நடக்கச் சொல்கிறார், நடந்தால் வலிக்கிறது, உட்கார்ந்தால் பிடித்துக்கொள்கிறது, எதைச் செய்வது என்று தெரியவில்லை. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் இப்போது சொல்லப்போவது போனுக்குச் சரிப்படாது, பாதியிலேயே நீ சிரித்துவிடுவாய், அதோடு எனக்கே இன்னும் பிடிபடவில்லை, எழுதினாலாவது பிடிபடுமா என்று பார்க்கிறேன்.

உன் அர்கீரிஸ் மாமாவுக்குப் புதையல் பைத்தியம் பிடித்த கதை உனக்குத் தெரியும், வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் மண்ணுக்குள் உலோகம் இருந்தால் கீச்சிடும் அந்த மெஷினை வாங்கிக்கொண்டு மலை மலையாகத் திரிகிறான். கறிக்கடை வாயோஸ் அவனுக்குக் கூட்டு. உனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த கலியோப்பி டீச்சரும் சேர்ந்திருக்கிறார் என்றால் நம்புவாயா? அவர் தோண்ட வருவதில்லை, இவர்களைத் தோண்டவிடாமல் இருக்க வருகிறார். யாராவது வந்து இன்ன பாறையில் ஆமை செதுக்கியிருக்கிறது, அந்தக் காலத்து ஆளுநர் பாஷா புதைத்த பெட்டி அங்கேதான் என்றால் போதும், மாமா அப்போதே மண்வெட்டியைத் தேடுவான். டீச்சர்தான், "ஒருத்தர் சொன்னா அது வெறும் பேச்சு அர்கீரிஸ், ஒருத்தரை ஒருத்தர் தெரியாத மூணு பேர் ஒரே மாதிரி சொல்லட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று அவனை உட்காரவைப்பார். அப்படியே பாஷாவின் பெட்டிக் கதையும் போயிற்று, மடத்துத் தங்க மணிக் கதையும் போயிற்று. ஊரில் ஒரு மரத்துக்கும் சேதமில்லாமல் இத்தனை நாள் ஓடியது டீச்சரால்தான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மூன்று பேரும் நேராக நம் வீட்டுக்கு வந்தார்கள், மாமா தலைமுடியை வாரியிருந்தான், அதைப் பார்த்ததுமே ஏதோ கேட்க வந்திருக்கிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. காப்பி போட்டு செர்ரிப் பாகு வைத்தேன். விஷயம் இதுதான், போர்க்காலத்தில் மலையில் ஒளிந்திருந்து சண்டை போட்ட நம் ஆட்களுக்கு ஆங்கிலேயர்கள் விமானத்திலிருந்து தங்க நாணயம் போட்டார்கள் அல்லவா, அதில் ஒரு சுமையை ஏற்றிக்கொண்டு வந்த கோவேறு கழுதை பனியில் மாட்டி, நம் வால்நட் தோட்டத்து ஊற்றுக்குக் கீழே நின்றுவிட்டதாம், அதற்கு மேல் ஓரடி வைக்கவில்லையாம், ஓட்டியவன் சுமையை அங்கேயே புதைத்தானாம். இதை மூன்று பேர் சொல்கிறார்கள், கார்திட்ஸாவில் ஒரு முடிவெட்டுகிறவர், மெட்ஸோவோவில் ஒரு பாலாடைக்கட்டி வியாபாரி, மடத்தில் ஒரு வயதான துறவுச் சகோதரி. ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. "அக்கா, மூணு பேரும் கழுதைக்கு இடது பின்னங்கால் நொண்டின்னு சொல்றாங்க, பேரு கூட ஒண்ணுதான், லெமோனியா. கழுதை பேரை யாராவது கற்பனை பண்ணுவாங்களா?" என்றான் மாமா. டீச்சர்கூட எதுவும் மறுக்காமல் காப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

எனக்கு வந்த சிரிப்பில் பாகு மேசைத் துணியெல்லாம் சிந்திவிட்டது. லெமோனியா யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? உன்னைத் தூங்கவைக்க உன் அப்பா சொன்ன கழுதை அல்லவா அது! உனக்கு மட்டுமா சொன்னார், மலை வளைவுகளில் பயணிகள் வாந்தி எடுக்காமல் இருக்க பஸ் ஓட்டிக்கொண்டே அதைத்தான் சொல்வாராம், கண்டக்டர் ஒருமுறை என்னிடம் குறைபட்டுக்கொண்டார். டீச்சர் அங்கேயே உட்கார்ந்து மூவருக்கும் போன் போட்டார். இதை உங்களுக்கு யார் சொன்னது என்று அதுவரை ஒருவரும் அவர்களைக் கேட்டதே இல்லை பார், நம்பகமான ஆள் சொன்னார் என்றதும் மாமா திருப்தியாகிவிட்டிருக்கிறான். முடிவெட்டுகிறவருக்கு ஒரு பஸ் டிரைவர் சொன்னாராம். வியாபாரிக்கும் பஸ்ஸில்தான். சகோதரி, தான் மடத்தில் சேரப் போன அன்றைக்குப் பெரிய மீசைக்காரர் ஒருவர் வண்டி ஓட்டிக்கொண்டே சொன்னது, அன்றைக்கு அழுகையை மறந்து சிரித்தேன் என்றாராம். வாயோஸ் தொப்பியைக் கழற்றி, "மூணு சாட்சியும் ஒரே பஸ்ல ஏறின சாட்சியாய்யா!" என்றான். டீச்சர், "மூணு இல்ல, ஒண்ணுதான். அதுவும் செத்துப்போன சாட்சி" என்று சொல்லிவிட்டு, உடனே என் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். மாமா என்ன செய்தான் தெரியுமா, எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டான். "அப்ப அத்தானுக்குத் தெரிஞ்சிருக்கு! அவங்கப்பா கழுதை ஓட்டினவர்தானே அக்கா? போர்க்காலத்துல எதை ஏத்தினார்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டான். எனக்குத் தெரியாது. உப்பும் கோதுமையும் என்றுதான் உன் தாத்தா சொல்வார், அதற்கு மேல் போரைப் பற்றி அவர் வாயே திறந்ததில்லை. டீச்சர் வேண்டாம் என்றார், வாயோஸ் உன் இஷ்டம் என்றான். நான் ஏன் சரி என்றேன் என்று கேட்காதே, தங்கத்துக்காக இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

முறைப்படி அனுமதி வாங்கி, தொல்லியல் அலுவலகத்திலிருந்து வந்த பெண் கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, ஊற்றுக்குக் கீழே தோண்டினார்கள். வால்நட் வேரை வெட்டக் கூடாது என்று நான் பக்கத்திலேயே நின்றேன். முதலில் ஒரு லாடம் வந்தது. பிறகு எலும்புகள். கோவேறு கழுதைதான் என்று அந்தப் பெண் சொன்னாள். வாயோஸ் ஒரு எலும்பைத் துடைத்துக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "இடது பின்னங்கால். உடைஞ்சு ஒட்டியிருக்கு" என்றான். நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன் மகளே. அதற்குக் கீழே எவ்வளவு தோண்டியும் பாறைதான், ஒரு காசு இல்லை, ஒரு பெட்டித் துண்டு இல்லை. மாமா, "கழுதை நிஜம்னா தங்கமும் நிஜம், யாரோ முன்னாடியே எடுத்துட்டான்" என்கிறான். டீச்சர், "கழுதை இருந்ததுக்குத்தான் இது சாட்சி, தங்கம் இருந்ததுக்கு இல்ல. உங்க வீட்டுக்காரர் சின்னப் பையனா இருந்தப்போ தன் அப்பா கழுதையைப் புதைச்சதைப் பாத்திருப்பார், மிச்சத்தைச் சேத்துக்கிட்டார்" என்கிறார். வாயோஸ் இந்த மலையில் எங்கே தோண்டினாலும் நொண்டிக் கழுதை கிடைக்கும் என்கிறான், ஆனால் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. காலையில் டீச்சர் பக்கம் இருக்கிறேன், ரொட்டி சுடும்போது மாமா பக்கம் போய்விடுகிறேன்.

தங்கம் போகட்டும். என் குழப்பம் வேறு. இத்தனை வருஷம் உன் அப்பா சொன்னதையெல்லாம் பொய் என்றுதானே சிரித்துக்கொண்டு இருந்துவிட்டேன். நாங்கள் முதலில் பார்த்தது எப்படி என்று உனக்குத் தெரியும், பஸ் கெட்டுப்போய் எங்கள் வீட்டு வாசலில் நின்றது, பயணிகளுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனேன். கல்யாணத்துக்குப் பிறகு அவர், பஸ்ஸுக்கு ஒன்றுமே ஆகவில்லை, நீ துணி காயப்போட்டுக்கொண்டு இருந்தாய், அதனால்தான் நிறுத்தினேன் என்பார். கடைசியாக ஆஸ்பத்திரியிலும் சொன்னார். "போதும் உங்க பொய்" என்று தலையணையைச் சரிசெய்துவிட்டு வந்தேன். அன்றைக்கு அந்தப் பஸ்ஸில் வந்த ஒருவர் திரிகாலாவில் இன்னும் இருக்கிறாராம், விசாரிக்கட்டுமா என்று டீச்சர் கேட்டார். வேண்டாம் என்றேன். டீச்சர் வாசல் வரை போனதும் கூப்பிட்டு விசாரியுங்கள் என்றேன். மறுபடியும் வேண்டாம் என்றேன். என்ன செய்யட்டும், நீயே சொல்.

இன்னொன்று, லெமோனியா கதையின் முடிவு எனக்குத் தெரியாது, அந்த நேரம் நான் அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பேன். ஊற்றுக்குக் கீழே நின்ற பிறகு அவள் என்ன ஆனாள் என்று உன்னிடம் என்ன சொன்னார்? நினைவிருந்தால் எழுது, இல்லாவிட்டால் நீயாக எதையும் சேர்க்காதே, நம் வீட்டில் அதற்கு ஒருவர் இருந்தது போதும்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும், சின்னவள் நம் பேச்சை மறக்காமல் வளர வேண்டும், மாதா உங்கள் வாசலைக் காக்கட்டும். மறக்காதே, அர்கீரிஸ் மாமா உனக்குப் போன் செய்வான், நிச்சயம் செய்வான், என்ன கேட்டாலும் நினைவில்லை என்று சொல். அப்பா சொன்னதை முதலில் என்னிடம் சொல், நம்புகிறேனா இல்லையா என்பதை இந்த முறை நான் மெதுவாகப் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அம்மா
எவாந்தியா